குவாண்டம் டாட்ல ஃபானோ ஃபேக்டர் 0.5க்கு கீழ போகுது, எங்க தப்பு?

கேள்வி: வணக்கம். காலியம் ஆர்சனைடு குவாண்டம் டாட் (எலக்ட்ரானை ஒண்ணொண்ணா அடைக்கற குட்டிக் கூண்டு), பக்கத்துலயே பாயின்ட் கான்டாக்ட் டிடெக்டர் (டாட்ல எலக்ட்ரான் இருக்கான்னு காட்டற குறுகலான கரன்ட் பாதை). எலக்ட்ரான் உள்ள வந்தா டிடெக்டர் கரன்ட் ஒரு படி இறங்கும், வெளிய போனா ஏறும், அதை எண்ணிட்டிருக்கேன். எலக்ட்ரான் உள்ள வர்ற, வெளிய போற ரெண்டு பக்கத் தடுப்பையும் சமமா வெச்சாச்சு, டாட் நிறைஞ்சிருக்கற நேரமும் காலியா இருக்கற நேரமும் சராசரி 1.5 மில்லிசெகண்ட். ஆனா எண்ணிக்கையோட வேரியன்ஸை (சிதறலை) சராசரியால வகுத்தா, அதான் ஃபானோ ஃபேக்டர், 0.39! சூரிச் இ.டி.ஹெச் குழு 2006ல அளந்ததுல சமமான தடுப்புக்கு 0.5 பக்கம்தான், தியரியும் அதுக்குக் கீழ விடாது. மூணு நாளா புரோகிராமை வரி வரியா பாத்துட்டேன், ஒண்ணும் சிக்கல. புதுசா ஏதாச்சும் நடக்குதா?

பதில் 1: பயாஸ் (டாட்டுக்குக் குறுக்கே குடுக்கற வோல்டேஜ்), டெம்பரேச்சர் எவ்ளோ? எலக்ட்ரான் வந்த வழியே திரும்புதோ?

கேட்டவர்: 2 மில்லிவோல்ட், 100 மில்லிகெல்வின். திரும்ப வாய்ப்பே இல்லங்க.

பதில் 2: டாட் மேல பழி இல்ல, டிடெக்டர்தான் மெதுவா இருக்கு. நிக்கற நேரத்துக்கு ஹிஸ்டோகிராம் போட்டு லாக் ஸ்கேல்ல பாருங்க, நேர்கோடா இறங்காம சைஃபர் கிட்ட குனிஞ்சிருக்கும். சட்டுனு வந்து சட்டுனு போன எலக்ட்ரான் எல்லாம் அங்கதான் தொலையுது, குட்டி இடைவெளிங்க காணாமப் போனதும் மிச்சம் இருக்கறது ரொம்ப ஒழுங்கா வர்ற மாதிரி தெரியும், அதான் வேரியன்ஸ் சுருங்குது. நாமன், ஔமென்டாடோன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2006லயே இதுக்கு வழி சொல்லிட்டாங்க. கேட்ல (வோல்டேஜ் குடுக்கற எலக்ட்ரோடுல) நேரம் தெரிஞ்ச பல்ஸ் ஒண்ணு குடுத்து டிடெக்டர் சராசரியா எவ்ளோ தாமதமா முழிக்குதுன்னு அளங்க. தடுப்பு சமம்ங்கறதால அந்தத் தாமதத்தை ரெண்டு மடங்காக்கி 1.5லேர்ந்து கழிச்சா போதும். ஹிஸ்டோகிராமை வெச்சே ஃபிட் பண்ணிடலாம்னு நெனைக்காதீங்க, அதுல ரெண்டு விடை வரும்.

கேட்டவர்: அண்ணா, தாமதம் 0.25 மில்லிசெகண்ட்! அப்போ நிஜ நேரம் 1 மில்லிசெகண்ட், செகண்டுக்கு 333 இல்ல 500 எலக்ட்ரான். ஒரு எலக்ட்ரானோட சார்ஜ் 2019லேர்ந்து பிழையே இல்லாத எண்ணு, 1.602176634 × 10⁻¹⁹ கூலோம், ஆனா எண்ணறதுல விட்டதால 80 அட்டோஆம்பியர் (10⁻¹⁸ ஆம்பியர்) கரன்டை 53ன்னு எழுதி வெச்சிருக்கேன்.

பதில் 2: நாய்ஸுக்குப் பயந்து டிடெக்டர் சிக்னலோட ஃபில்டரை இறுக்கியிருப்பீங்க, அதான் மெதுவாகுது. தளர்த்திப் பாருங்க, ஆனா ஒரே த்ரெஷோல்ட் (படின்னு எண்ணற எல்லைக்கோடு) வேணாம், ஏற ஒண்ணு இறங்க ஒண்ணு வைங்க, இல்லன்னா நாய்ஸையும் எலக்ட்ரான்னு எண்ணிடும்.

கேட்டவர்: பண்ணிட்டேன். தாமதம் இப்ப 0.05, அளந்த நேரம் 1.1, கழிச்சா அதே 1 மில்லிசெகண்ட். ஃபானோ 0.46, மிச்சக் குறை இந்த மிச்சத் தாமதத்தால. ரொம்ப நன்றிண்ணா, பழைய டேட்டா எல்லாத்தையும் இன்னிக்கே திரும்ப ஓட்டறேன்.