தாமிரபரணிக் கரை ஊர்கள்: வெள்ளம் வடிந்த பிறகு எதை அனுப்பலாம்? (2023 டிசம்பர் வெள்ளத்தை ஒட்டிய கேள்வி-பதில்)

கேள்வி (கோவை வாசகர்):
2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையால் பாதிக்கப்பட்ட, தூத்துக்குடி மாவட்டத்தின் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிக் குடும்பங்களுக்காக எங்கள் குடியிருப்பில் பணம் சேர்த்திருக்கிறோம். உணவுப் பொட்டலங்களும் பழைய துணிகளும் முதல் வாரத்திலேயே ஏராளமாகச் சென்றுவிட்டதாக அறிகிறோம். இனி அவர்களுக்கு உண்மையில் எது தேவைப்படும்? பொருளாக அனுப்புவதா, பணமாகக் கொடுப்பதா?

பதில் (ஆற்றங்கரைக்காரர்):
ஐயா, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது. ஆற்று வெள்ளத்தோடு உடைப்பெடுத்த குளங்களின் தண்ணீரும் சேர்ந்துகொண்டதால், பலரால் உடுத்திய துணியோடுதான் வெளியேற முடிந்தது. அரிசி கொடுத்தவர்கள் பலர் உண்டு; அதைப் பொங்குவதற்குப் பானையும் அடுப்பும் இல்லாத வீடுகளை நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு. ஆகவே சமையல் பாத்திரங்கள், கேஸ் அடுப்பு, பாய், போர்வை, புதிய உள்ளாடைகள், கைலி, நைட்டி ஆகியவற்றை ஒரு குடும்பத்துக்கு ஒரு தொகுப்பாகக் கொடுங்கள். பழைய துணி வேண்டவே வேண்டாம். இவற்றைக் கோவையில் வாங்கி லாரியில் ஏற்றுவதைவிட, ஏரலில் மீண்டும் திறந்திருக்கும் கடைகளில் வாங்குவதே நல்லது. அந்தக் கடைத்தெருவும் மூழ்கிய கடைத்தெருதான். பிரதான சாலையை ஒட்டிய ஊர்களுக்கே வண்டிகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதால், உட்புறக் கிராமங்களை முதலில் விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.

பதில் (செவிலியர்):
சேறு அள்ளுகிறவர்களுக்கு ரப்பர் காலணியும் கையுறையும் அவசியம் தேவை. காலில் வெட்டுக்காயத்தோடு வெள்ளநீரில் நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் தொற்றும் அபாயம் அதிகம். பிளீச்சிங் பவுடர், குளோரின் மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், சானிட்டரி நாப்கின் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற மருந்துகளை நீங்களாக விநியோகிக்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

பதில் (ஊராட்சித் தன்னார்வலர்):
பணம் கொடுப்பதாயின், அரசு உதவி எட்டாதவர்களைத் தேடிக் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள். கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கு 6,000 ரூபாயும் மற்ற பகுதிகளுக்கு 1,000 ரூபாயும் அரசு 2023 டிசம்பரில் அறிவித்து, குடும்ப அட்டையின் அடிப்படையில் ரேஷன் கடை வழியாக வழங்கியது. அட்டை வேறு ஊரில் இருக்க, இங்கே வாடகை வீட்டில் அனைத்தையும் இழந்த குடும்பம் அந்தக் கணக்கில் வருவது கடினம். வாழைத் தோட்டம் சாய்ந்தால் உரிமையாளருக்குப் பயிர் நிவாரணம் உண்டு, அங்கே வாழைத்தார் வெட்டியவருக்கோ கூலி இழப்புதான், நிவாரணம் இல்லை. உப்பளத் தொழிலாளர் நிலையும் இதுவே. பாத்திகளில் படிந்த சேற்றை அகற்றும்வரை அவர்களுக்கு வேலையில்லை.

சான்றிதழ்களை இழந்தவர்களை, கட்டணமின்றி நகல் வழங்கும் சிறப்பு முகாம்களுக்கு அழைத்துச் சென்று விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும் ஆட்கள் தேவை; பணமில்லாமலே செய்யக்கூடிய பேருதவி அது. இன்னொன்று, இறந்த ஆட்டுக்கு 4,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. ஆனால் வெள்ளம் அடித்துச் சென்ற ஆட்டுக்குச் சான்று காட்டுவது எளிதல்ல. ஆடு வளர்த்தே பிழைத்துவந்த தனித்த பெண்கள் பலர் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆளுக்கு இரண்டு ஆடுகள் வாங்கிக் கொடுக்க உங்களால் இயலுமா என்று பாருங்கள்.