புதுப்பிப்பு: மாடி அறையில் 95ஐத் தாண்டாத நெட் வேகம்

போன வாரம் கேட்டிருந்தேனே, கீழே ரவுட்டரில் 300 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) வருகிறது, மாடிக்கு இழுத்த லேன் கேபிளில் மட்டும் 95க்கு மேல் ஏறவில்லை என்று. காரணம் கிடைத்துவிட்டது.

லேன் கேபிளுக்குள் இரண்டிரண்டாய் முறுக்கிய நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கும். ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) இணைப்புக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டே போதும். எனக்குச் சுவர் வளைவில் நீல ஜோடியின் ஒரு கம்பி ஒடிந்திருந்தது, அதனால் இணைப்பு 100க்கு இறங்கிவிட்டது. வெட்டிச் சுரண்டினால் மேலே செம்புப் பூச்சு, உள்ளே வெள்ளையாய் அலுமினியம்! பெட்டியில் ஜம்பமாக 'கேட் 6' (லேன் கேபிளின் ஒரு தரம்) என்று வேறு. அலுமினியம் நாலு தடவை மடக்கினால் ஒடியும். மின்தடையும் செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

அப்புறம், சுத்தச் செம்பில் 20 மீட்டர் கேட் 5இ வாங்கி மாற்றினேன். இப்போது 290.

பழைய டிவி கோஆக்சியல் கம்பியையே பயன்படுத்தச் சொன்னவர்களுக்கு: இரு முனையிலும் அடாப்டர் வேண்டுமாம், கேபிளைவிடச் செலவு. விட்டுவிட்டேன்.