ஏலம் கேட்டவர் பணம் கட்டலைன்னா என்ன செய்றீங்க?

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். வில்லாபுரத்துல இருந்து பழைய தீப்பெட்டி லேபிள்களை ஈபேங்கற ஆன்லைன் ஏலத் தளத்துல ஏலம் விட்டு விக்கிறேன். எல்லாம் சிவகாசி, சாத்தூர் சரக்கு. தண்ணியில ஊறப்போட்டு உரிச்சு, நிழல்ல காயவச்சு, ஓரம் கிழியாம தேறுறதுதான் விலை போகும்.

மயில் படம் போட்ட ஒரு செட்டுக்கு ரெண்டு வெளிநாட்டுக்காரங்க போட்டி போட்டு விலையை ஏத்துனாங்க. ஜெயிச்சவர் அதுக்கப்புறம் வாயே திறக்கலை. நம்ம பக்கம் கண்மாய் மீன் ஏலத்துல முன்பணம் கட்டாம கேட்க விடுவாங்களா?

4 நாள் தாண்டினா ஆர்டரை ரத்து பண்ணலாம், கமிஷன் திரும்ப வரும், ஆளை பிளாக் பண்ணலாம். அதெல்லாம் தெரியும். என் குழப்பம் வேற. ரெண்டாவதா கேட்டவருக்கு செகண்ட் சான்ஸ் ஆஃபர் (ஜெயிச்சவர் வாங்கலை, நீங்க எடுத்துக்கிறீங்களான்னு கேக்குறது) அனுப்பினா, அவர் கடைசியா கேட்ட விலைதான் போகும். அந்த விலையே இந்த ஆள் ஏத்திவிட்டதுதானே? "ஆள் வச்சு ஏத்திட்டான்"னு நினைச்சுட்டா என்ன பண்றது? மனுஷன் வாடிக்கையா வாங்குறவர் வேற.

பேசாம மறுபடி ஏலத்துக்கே விட்டுரலாமா? அப்படின்னா, ஏற்கெனவே பணம் கட்டாம விட்டவங்களைத் தடுக்குற செட்டிங்கை எவ்வளவு கறாரா வச்சிருக்கீங்க? ரொம்ப இறுக்கினா நல்ல ஆளும் வராம போயிடுவாங்களோன்னு யோசனையா இருக்கு. அனுபவப்பட்டவங்க கொஞ்சம் சொல்லுங்க.