பாவிச்ச கேமிங் லப்டொப்: எதைப் பார்த்து வாங்கிறது?

கேள்வி: கிளிநொச்சியில ஒரு பாவிச்ச கேமிங் லப்டொப் விலைக்கு வந்திருக்கு. இன்னும் மூண்டு நாலு வருசம் தாங்குமோ எண்டு எப்பிடிக் கணிக்கிறது?

பதில்: பெரிய கேம் ஒண்டை அரை மணித்தியாலம் ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ எண்ட, சூடு காட்டிற மென்பொருளில சூட்டைப் பாருங்கோ. சிபியூ (மெயின் சிப்) 95 பாகைக்கு மேல நிண்டு வேகம் விழுந்தால், சிப்பின்ர சூட்டைக் கடத்தப் பூசிற பேஸ்ட் காய்ஞ்சிருக்கும், இல்லாட்டி சூட்டை வெளியேத்திற ஹீற்சிங்குக்குள்ள புழுதி அடைச்சிருக்கும். எங்கட செம்மண்ணுக்குப் புழுதியைத்தான் முதல்ல சந்தேகிக்கவேணும். அது திருத்தலாம். ஆனால் திரையில கோடும் புள்ளியுமாய் வந்தால், படம் காட்டிற சிப்பான ஜிபியூ பழுதாயிருக்கலாம், விட்டிடுங்கோ அண்ணை. அது போர்ட்டோட ஒட்டின சாமான், லேசில மாத்தேலாது.

பதில்: பிணைச்சல்! மூடியை ஒரு மூலையில பிடிச்சுத் திறவுங்கோ. சட்டம் பிளந்தால் உள்ளுக்க பித்தளை நட்டு கழண்டிட்டுது.

பதில்: விண்டோஸில பற்றரி றிப்போட் எடுங்கோ. அதில இப்ப ஏறுற முழுச் சார்ச், டிசைன் அளவில (புதுசில இருந்த அளவில) 70 வீதத்துக்குக் கீழ எண்டால் புதுப் பற்றரிக் காசை விலையில கழியுங்கோ. ரச்பாட் மேல தள்ளியிருந்தால் பற்றரி உப்பியிருக்கும், சார்ச்சில போடாதேங்கோ.