இணையம் கிடைக்கிறது, சின்னமோ ‘இணையம் இல்லை’ என்கிறது

கேள்வி (காரைக்குடி):
அனைவருக்கும் வணக்கம். விண்டோஸ் 10 உள்ள எங்கள் மடிக்கணினியில், கடிகாரத்துக்கு அருகே வைஃபை சின்னத்துக்குப் பதிலாக உலக உருண்டையும் தடைக்குறியும் தெரிகின்றன. ஆனால் அதே கணினியில் ஆச்சி வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) அமர்ந்து சிங்கப்பூரிலுள்ள பேரனுடன் தடையின்றி வீடியோவில் பேசுகிறார்கள். அவுட்லுக் மின்னஞ்சல் மென்பொருள் மட்டும் இணைய மறுக்கிறது. என்ன காரணம்?

பதில் (தேவகோட்டை):
ரவுட்டர் முகப்பில் இருக்கிறதா? நம் பகுதி வீடுகளின் பருத்த சுவர்களைத் தாண்டி வளவுக்குள் சிக்னல் வருவது கடினம்.

பதில் (கானாடுகாத்தான்):
ஐயா, சிக்னல் குறைந்தால் வீடியோவும் அல்லவா நின்றிருக்கும்? அந்தச் சின்னம் இணைப்பை நேரடியாக அளப்பதில்லை. விண்டோஸ் மைக்ரோசாஃப்டின் சோதனைத் தளத்திலிருந்து ஒரு சிறு உரைக்கோப்பைக் கேட்கிறது. எதிர்பார்த்த வரி திரும்பி வராவிட்டால், மற்றத் தளங்கள் அனைத்தும் திறந்தாலும், இணையம் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறது. அவுட்லுக் போன்ற மென்பொருள்கள் அந்த முடிவையே நம்புகின்றன. விபிஎன் (இணைப்பை மறையாக்கி வேறொரு சர்வர் வழியே அனுப்புவது), பிராக்ஸி (இடையில் நிற்கும் சர்வர்), விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) ஆகியவை அந்தச் சோதனையை மறிக்கக்கூடும். முதலில் அவற்றை நிறுத்திப் பாருங்கள். பிறகு ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) இந்தச் சோதனையை இயக்கும் ‘எனேபிள் ஆக்டிவ் புரோபிங்’ மதிப்பு 1 ஆக உள்ளதா என்று பாருங்கள். அதை 0 ஆக்கச் சொல்லும் அறிவுரையை ஏற்காதீர்கள். அது சோதனையையே நிறுத்திவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. விளம்பரத் தடுப்புக்காக மாற்றியிருந்த டிஎன்எஸ் முகவரியைத் தானியங்கி நிலைக்கு மாற்றியதும் சின்னம் சரியாகிவிட்டது, அவுட்லுக்கும் இணைந்தது.

பதில் (கானாடுகாத்தான்):
மகிழ்ச்சி. விளம்பரத் தடுப்பு தேவையென்றால், அதன் விலக்குப் பட்டியலில் அந்தச் சோதனைத் தளத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.