டிசம்பரில் ஹம்மிங்பேர்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா?

செல்வி, சியாட்டில்
பூந்தேன் குடிக்கும் குட்டிப் பறவையான ஹம்மிங்பேர்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும் குடுவைதான் ஃபீடர். குளிர் தொடங்கும் முன், செப்டம்பரிலேயே அதைக் கழற்றுங்கள் என்று போன வாரம் எழுதினேன். பலருக்குக் கோபம். இன்றும் அதையேதான் சொல்கிறேன். அன்னா ஹம்மிங்பேர்டு இந்த ஊர்ப் பறவை இல்லை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்குக் கலிபோர்னியாவிலும் மெக்சிகோவின் வடக்கு பாஹாவிலும்தான் அது கூடு கட்டியது. சியாட்டிலில் முதலில் தென்பட்டது 1964இல். இப்போது இன்னும் வடக்கே, கனடாவின் வான்கூவரிலும் குஞ்சு பொரிக்கிறது. ஐந்து கிராம் எடை உள்ள ஓர் உயிரை, நாம் தொங்கவிட்ட சர்க்கரைத் தண்ணீரைக் காட்டிப் பனியில் நிறுத்தி வைப்பது சரியா?

கதிர், போர்ட்லேண்ட்
அக்கா, ஃபீடர் இருப்பதால் எந்தப் பறவையும் வலசையை நிறுத்துவதில்லை. அதைக் கிளப்பிவிடுவது பகல் பொழுது குறைவதுதான். இன்னொரு இனமான ரூஃபஸ் ஹம்மிங்பேர்டைப் பாருங்கள். நம் வீட்டு ஃபீடரில்தான் அதுவும் குடிக்கிறது. ஆனாலும் கோடை முடிவதற்குள் மெக்சிகோவுக்குக் கிளம்பிவிடுகிறது. அலாஸ்கா வரை போய்க் கூடு கட்டிவிட்டுத் திரும்பும் இனம் அது. அன்னா அப்படி நெடுந்தூரம் போகிற இனமே இல்லை. செப்டம்பரில் நீங்கள் கழற்றினால் அது கலிபோர்னியாவுக்குப் போகாது, பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்.

செல்வி, சியாட்டில்
அதுதான் தம்பி என் கவலை. அது போகாது, இங்கேயே கிடக்கும். கார்னெல் பறவையியல் ஆய்வகம் பொதுமக்களை வைத்து ஃபீடருக்கு வரும் பறவைகளைக் கணக்கெடுக்கிறதே, அந்தத் தரவிலிருந்து 2017இல் ஒரு ஆய்வு வந்தது. அன்னா வடக்கே பரவியதற்கும் நகரங்களுக்கும் ஃபீடருக்கும் தொடர்பு இருப்பதை அது காட்டியது. நாம் கூப்பிட்டுத்தான் வந்திருக்கிறது.

கதிர், போர்ட்லேண்ட்
தொடர்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை மட்டுமே காரணமில்லை. 1850களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு யூகலிப்டஸ் வந்தது, அது குளிர்காலத்தில் பூக்கிற மரம். அப்புறம் வீட்டுத் தோட்டங்களில் விதவிதமான பூச்செடிகள் வந்தன. கொசுவையும் சிலந்தியையும் பிடித்துத் தின்கிற பறவை இது. குளிர் இரவில் உடல் சூட்டை ஏறக்குறைய 42 டிகிரியிலிருந்து 9 டிகிரி வரை இறக்கிக்கொண்டு மரத்துப்போய்க் கிடக்கும், விடிந்ததும் எழும். அது ஒன்றும் ஏமாந்து சிக்கிக்கொண்ட பறவை இல்லை.

மழைத்துளி, வான்கூவர்
2021 டிசம்பர் கடைசியில் இங்கே மைனஸ் 10க்கும் கீழே போனது. விடிகாலையில் பார்த்தால் ஃபீடர் கல்லாகிவிட்டது. ஆண் பறவை ஒன்று அதன் விளிம்பில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கழுத்தின் ரோஜா நிறம்கூட மங்கித் தெரிந்தது. அந்த வாரம் முழுக்க இரண்டு ஃபீடர்களை மாற்றி மாற்றித் தொங்கவிட்டேன், ஒன்று வெளியே, ஒன்று சமையலறையில். செல்வி அக்கா, அந்தக் காலையில் நீங்கள் கழற்றியிருப்பீர்களா?

செல்வி, சியாட்டில்
மாட்டேன். உறைபனியில் கழற்றச் சொல்லவில்லை, தொடங்கும் முன்பே யோசியுங்கள் என்கிறேன். நம்மவர்கள் டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போகிறோம். அப்போது ஃபீடரை யார் நிரப்புவது? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் போன ஜனவரி வரை காலியாகத் தொங்கியது, உள்ளே கறுப்புப் பூஞ்சை. இன்னொருவர் சத்து என்று நாட்டுச் சர்க்கரையைக் கரைத்து ஊற்றுகிறார். நாட்டுச் சர்க்கரை, தேன், சிவப்புச் சாயம் எதுவும் கூடாது. ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர், அவ்வளவுதான். இதைச் செய்ய முடியாதவர்கள் தொடங்கவே வேண்டாம்.

கதிர், போர்ட்லேண்ட்
இதை ஒப்புக்கொள்கிறேன். நானும் 12ஆம் தேதி மதுரைக்குக் கிளம்புகிறேன். பக்கத்து வீட்டம்மாவிடம் இன்றே பேசிவிடுகிறேன். ஆனால் செப்டம்பரில் கழற்றுவதை மட்டும் ஏற்க மாட்டேன்.

செல்வி, சியாட்டில்
பேசுங்கள். கூடவே ஒரு மஹோனியா செடி வையுங்கள். நடுக்குளிரில் மஞ்சளாகப் பூக்கும், நீங்கள் மதுரையில் இருந்தாலும் அதில் தேன் இருக்கும்.

மழைத்துளி, வான்கூவர்
அக்கா, மஹோனியாவைத் தொட்டியில் வைக்கலாமா? எங்களுக்கு பால்கனி மட்டும்தான்.