மறு: டீக்கன் ஜோன்ஸ் கட்டுரை: ‘சேக்’ என்பதற்குச் சூறையா, அமுக்கா?

> அமெரிக்கக் கால்பந்தில், எதிரணியின் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரை ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னாலேயே வீழ்த்துவதுதான் ‘சேக்’. அதைச் ‘சூறை’ எனலாம். ஊரைச் சூறையாடுவது போல என்று ஜோன்ஸே விளக்கியிருக்கிறாரே.

வணக்கம் ஐயா,

சூறை நல்ல சொல்தான். ஆனால் ‘ஜோன்ஸ் குவாட்டர்பேக்கைச் சூறையாடினார்’ என்று எழுதிப் பார்த்தால், பர்ஸைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது போலப் படுகிறது. ஆங்கிலத்தில் ‘சேக்’ என்றால் கோணியும்தான்; கோணிக்குள் போட்டுச் சாத்துவது என்றும் அவர் சொன்னதுண்டு. எனவே ஊர்க்கொள்ளையைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றில்லை.

என் கவலை வேறு. இந்தச் சொல்லை எண்ண வர வேண்டும், பாதியாக வெட்டவும் வர வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை என்பதுதான் கணக்கு. ஜோன்ஸ் 1961இல் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 14ஆம் சுற்றில், யாரும் பெரிதாக எதிர்பார்க்காமல், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்கு வந்தவர். அதற்கு முன், சிவில் உரிமைப் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காகத் தென் கரோலினா மாநிலக் கல்லூரி அவருடைய உதவித்தொகையைப் பறித்திருந்தது. 1974 வரை ஆடினார். மெர்லின் ஓல்சன், ரோசி கிரியர், லமார் லண்டி ஆகியோருடன் அவர் நின்ற தற்காப்பு முன்வரிசைக்கு எதிரணிகள் நடுங்கின. ஆனால் தனி ஆட்டக்காரர் கணக்கில் சேக்கை என்.எஃப்.எல். (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்துக் கூட்டமைப்பு) சேர்த்தது 1982இல்தான். அதற்குள் அவர் ஓய்வுபெற்று, 1980இல் கால்பந்துப் புகழ்மண்டபத்துக்கும் தேர்வாகிவிட்டார். சொல்லைப் பரப்பியவர் பெயருக்கு நேரே அதிகாரபூர்வமாக ஒன்றுகூட இல்லை! பழைய ஆட்டக் குறிப்புகளைத் துருவிய ஆய்வாளர்கள் பிற்பாடு கொடுத்த கணக்கு 173½ சேக். புரூஸ் ஸ்மித்தின் 200, ரெஜி வைட்டின் 198 இரண்டுக்கும் அடுத்தபடி.

அந்த 173½க்குப் பக்கத்தில் எந்தச் சொல் உட்காரும்? ‘அமுக்கு’ என்கிறேன். ‘இன்று மூன்று அமுக்கு, ஒரு அரை அமுக்கு’ என்று வர்ணனையாளர் மூச்சு வாங்காமல் சொல்லலாம். வினையும் கையோடு இருக்கிறது: அமுக்கினார், அமுக்கப்பட்டார்.

இன்னொன்று. ஹெல்மெட்டின் பக்கவாட்டில் ஓங்கி அறைந்து, எதிராளி கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்து போவது அவருடைய பேர்போன உத்தி. 1977இல் அதைத் தடைசெய்தார்கள். ‘தலையறை’ என்று போட்டால் வீட்டு வரைபடத்தில் வரும் அறை போல இருக்கிறது. ‘செவிட்டடி’ எப்படி?

அன்புடன்

~

> ‘அமுக்கு’ என்கிறேன்.

தம்பி,

சூறையில் களவு வாடை என்றீர்கள். ‘பணத்தை அமுக்கிட்டான்’ என்று ஊரில் சொல்வதில்லையா? உங்கள் சொல்லும் அதே வீட்டுப்பிள்ளைதான்!

ஆனாலும் அரை அமுக்கு என்ற வாதத்தை என்னால் தள்ள முடியவில்லை. ‘அரைச் சூறை’ என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், வாய் ஒத்துழைக்கவில்லை. பணத்தை அமுக்கினால்தான் களவு, ஆளை அமுக்கினால் மல்யுத்தம். குழப்பம் வராது. சூறையைத் திரும்பப் பெறுகிறேன். ஊர்க்கொள்ளை உவமையை மட்டும் கட்டுரையின் உடலில் ஒரு வரியாக வைத்துவிடுங்கள், அது அவர் வாய்ச்சொல்.

செவிட்டடிக்கு என் முழு ஓட்டு. ‘செவிட்டுல ஒண்ணு விட்டேன்னா’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அடிக்குறிப்பே தேவையில்லை.

கட்டுரையை அவருடைய இயற்பெயரான டேவிட் ஜோன்ஸ் என்று தொடங்கியிருக்கிறீர்கள். அந்தப் பெயரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், யார் நினைவிலும் நிற்காது என்றுதானே அவரே ‘டீக்கன்’ என்று வைத்துக்கொண்டார்? தலைப்பில் டீக்கன் ஜோன்ஸ் என்றே இருக்கட்டும். குவாட்டர்பேக்கை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். அதை எடுத்தால் இந்த மாதம் முழுக்க இந்த இழை ஓடும்.